ஆடக்கூடாத ஜாடி

"டெய்லரே! மெஷினை நிறுத்துறீங்களா, இல்ல வீட்டு ஓனரைக் கூப்பிடட்டுமா?"

கையில் கண்ணாடி ஜாடியோடு வாசலில் நின்றார் கீழ்வீட்டுக்காரர். படிகாரக் கம்பெனியில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருக்கு அந்த ஜாடிதான் குடும்பம்.

டெய்லர் தையல் மெஷினின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். "என்ன சார், இன்னைக்கும் தூளா?"

"பாருங்க, மாவு மாதிரி! அழுக்குப் படிகாரத்தை வெந்நீர்ல கரைச்சு, ஆட்டாம அசைக்காம ஆற விட்டா, படிகாரம் படிகாரத்தோட மட்டும் சேர்ந்து கண்ணாடியாட்டம் ஒரே கட்டியா வளரும். அழுக்கு தண்ணியிலேயே நின்னுடும். நீங்க தடதடன்னு மிதிச்சா? அவசரத்துல அழுக்கையும் இழுத்துக்கிட்டு தூளா விழுது!"

"அவசரக் கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க."

"நக்கல் வேற! அப்படி என்ன தலைபோற வேலை?"

"ஆர்டர் குவியுது சார். டீ போடட்டுமா?"

"சண்டை போட வந்தவனுக்கு டீயா?" என்றபடியே அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சர்க்கரை கம்மியா."

சண்டை பாதி, டீ பாதி என்று பொழுது சாயும். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட டெய்லருக்கு, விடிந்ததிலிருந்து காதில் விழும் ஒரே மனிதக் குரல் அதுதான். வைதால் என்ன, குரல் குரல்தானே!

என்றைக்காவது அந்தப் பாழாய்ப்போன கட்டி வளர்ந்து தொலைத்தால் அவர் ஏன் படியேறப் போகிறார்? டெய்லருக்கு அந்தப் பயம்தான்.

மறுநாள் சாயங்காலம் ஆளைக் காணோம். எவ்வளவு மிதித்தும் படியில் செருப்புச் சத்தம் இல்லை. வளர்ந்தேவிட்டதோ?

மனசு கேட்காமல் டெய்லர் இறங்கிப் போய், திறந்திருந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

அலமாரி நிறையப் படிகாரக் கட்டிகள். எலுமிச்சை அளவில் சில, மாங்காய் அளவில் சில. தூசு தும்பு இல்லாமல், சாவகாசமாக வளர்ந்து, கண்ணாடி தோற்கும் தெளிவு. அந்த அலமாரிக்கு நேர் மேலேதான் தையல் மெஷின்.

அடுப்பு மேடையருகே, தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாகக் கீழ்வீட்டுக்காரர், ஆவி பறக்கும் ஜாடியைக் கரண்டியால் கலக்கு கலக்கென்று கலக்கிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் தூளாகித் தொலையேன், சண்டைக்கு நேரமாச்சு!" என்று அதை அதட்டினார்.

டெய்லர் பூனை போல் படியேறினார். கண் மங்கிப்போய் ஒரு வருஷமாக நூலே கோக்காத மெஷினின் முன்னால் உட்கார்ந்து, கீழே நன்றாகக் கேட்கட்டும் என்று ஓங்கி மிதித்தார்.