கடைசிப் பை

செல்போன் கடையின் பை உள்ளே விழுந்த கையோடு குப்பை லாரியிலிருந்து புகை கிளம்பியது.

“அண்ணே, வண்டி எரியுது,” என்று பின்படியில் நின்றிருந்த கூட்டாளி தகரத்தைத் தட்டினான். அவனை எல்லோரும் உருண்டை என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் அலட்டிக்கொள்ளாத அவன் குரல் இப்படி நடுங்கி ஓட்டுநர் கேட்டதில்லை.

கண்ணாடியில் பார்த்தார். கேபினை ஒட்டிய தகட்டின் இடுக்கில் கரும்புகை சுருண்டது. முதுகுக்குப் பின்னால் சீட் சுட ஆரம்பித்திருந்தது.

முன்னால் பெட்ரோல் பங்க். பின்னால் பள்ளிக்கூடம், பிள்ளைகள் வெளியே வரும் நேரம். நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

“எதிர்ல காலி மனை இருக்கு. உள்ள விடுறேன். ஆளுங்கள நகரச் சொல்லு.”

லாரி வேலியை முறித்துக்கொண்டு மனைக்குள் இறங்கியது. கொட்டுகிற லிவரை இழுத்தார். பின்கதவு அசையவில்லை. உருண்டை ஓடிப்போய் மாட்டிக்கொண்டிருந்த கொக்கியை வெறுங்கையால் தள்ளினான். கதவு திறந்தது. அவன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குப்பை சரிந்தது. கடைத்தெருப் பைகள் முதலில் விழுந்தன, அப்புறம் அடுக்குமாடி வீடுகளின் பைகள். அவற்றுக்குப் பின்னால் நெருப்பு வந்து விழுந்தது.

தீயணைப்பு வண்டி வந்து எல்லாம் அடங்கியது. உருண்டையின் உள்ளங்கை வெந்துபோயிருந்தது; ஈரத்துணி சுற்றி அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஓட்டுநருக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே செல்போன் கடைக்கு நடந்தார்.

பேட்டரி விஷயத்தில் அவருக்குப் பைத்தியம் என்றே பேர். காலையில் தன் தெருவில் குப்பை ஏற்றத் தொடங்கி இந்தக் கடைத்தெரு வரை வாசல் வாசலாக ஒரே பேச்சு. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், முனையில் டேப் ஒட்டித் தனியாகக் கொடுங்கள், வார்டு ஆபீசில் அதற்கென்று பெட்டி இருக்கிறது. “அண்ணன் அண்ணிகிட்டகூட இவ்வளவு பேசினதில்ல,” என்று உருண்டை கேலி செய்வான்.

“எத்தன தடவ சொல்லியிருக்கேன் உங்களுக்கு?” என்று கடை வாசலில் நின்று கத்தினார்.

செல்போன் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “நான் போடலண்ணே. போன தடவ நீங்க சத்தம் போட்டதிலேர்ந்து தனியாத்தான் வைக்கிறேன். உள்ள வந்து பாருங்க, மணல் டப்பாவுல கெடக்கு.”

“உங்க பை விழுது, அடுத்த நிமிஷம் புகை வருது. இதுக்கு மேல என்ன பாக்கணும்?”

அதற்குள் வார்டு மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். ஓட்டுநரைத் தனியே அழைத்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. இவர் மேல ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. நீங்க இவர்தான்னு சொன்னா இன்னைக்கே கடைக்கு சீல். ஆளுக்குக் காயம் பட்டிருக்கு, போலீஸ் கேஸும் ஆகும்.”

“இவர்தான் சார். கடைசியா ஏத்துனது இவர் பைதான். கண்ணால பாத்தேன்.”

கடைக்காரர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, நான் பிள்ளகுட்டிக்காரன்.”

“ஆம்புலன்ஸ்ல போறானே, அவனும் பிள்ளகுட்டிக்காரன்தான்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டுநரின் மனைவி ஓடிவந்தாள். யாரோ அனுப்பிய படத்தில் லாரி எரிவதைப் பார்த்துவிட்டு, போட்டது போட்டபடி வந்திருந்தாள். மூச்சு வாங்க அவர் முகத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கென்ன. உருண்டைக்குத்தான் கை வெந்துபோச்சு. எவனோ சோம்பேறித்தனமா செஞ்ச வேலைக்கு அவன் அனுபவிக்கிறான்.”

“ஐயோ, தங்கமான பிள்ளையாச்சே,” என்றவள், கடைக்காரரை முறைத்துவிட்டுக் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தீயணைப்பு வீரர் இடுக்கியில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தார். கரியாக உருகிய கட்டை. ஒரு மூலை மட்டும் தப்பியிருந்தது, அதில் மஞ்சள் வாத்துப் படம் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதுதாங்க ஆரம்பிச்சு வச்சது. பவர் பேங்க். உப்பிப்போன பழசு, வண்டி அமுக்குற அமுக்குல வெடிச்சிருக்கு. ரொம்ப உள்ள, காலைல மொதல்ல ஏத்துன குப்பையோட கேபின் தகட்ட ஒட்டிக் கெடந்திருக்கு.”

ஓட்டுநரின் சட்டையிலிருந்து மனைவியின் கை நழுவியது.

அவள் அந்த வாத்தையே பார்த்தாள். பிறகு கடைக்காரரைப் பார்த்தாள். கணவரின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள்.

ஓட்டுநர் திரும்பி லாரியின் கருகிய தகட்டைப் பார்த்தார். கொட்டிக் கிடந்த கடைத்தெருப் பைகளைப் பார்த்தார். ஒன்றில்கூடத் தீப்பட்ட தடம் இல்லை.

மேற்பார்வையாளர் போனைக் காதில் வைத்தபடி கையசைத்தார். “ஆபீஸ் லைன்ல இருக்காங்க. கடை நம்பர் என்ன, சொல்லுங்க.”

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டுநர் மேற்பார்வையாளர் அருகே போனார்.

“கடை நம்பர் வேணாம் சார். என் வீட்டு நம்பர எழுதிக்கச் சொல்லுங்க.”