பகையாளிகளின் பெயர்

முதல் பெயரை அவள் யோசிக்காமலே சொன்னாள்.

மோனிக்காள். அடுத்த வீட்டுக்காரி. கருவாடு காயவைக்கும் மணலுக்காக வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரிந்தவள்.

துபாசி அதைப் போர்த்துகீசியத்தில் சொன்னார். எழுத்தர் எழுதினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த விசாரணைச் சாமியாரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

கோவாவின் புனித விசாரணை மன்றத்தில் குற்றம் இன்னதென்று சொல்லமாட்டார்கள். சாட்டியவர் இன்னாரென்றும் சொல்லமாட்டார்கள். கைதியே ஊகித்துக்கொள்ள வேண்டும். நல்ல நியாயம்தான்.

அவளுக்கு விட்டுவைத்த ஒரே வாசல் இது. உன்மேல் பகை உள்ளவர்களை நீயே சொல். காட்டிக்கொடுத்தவர் பெயர் அதில் இருந்தால் சாட்சி செல்லாது, உயிர் தப்பும். இல்லாவிட்டால் விறகில் கட்டி எரிப்பார்கள்.

சொன்னாள். வாயாடி என்று தூத்துக்குடிக் கடற்கரை முழுக்கப் பெயர் எடுத்தவளுக்குப் பகைக்கா பஞ்சம்?

கள்ளுக்கடை இன்னாசி. அளவில் ஏமாற்றியதை ஊரைக் கூட்டிச் சொன்னதற்காக.

கோயில்பிள்ளை கயித்தான். பூசை நடுவில் தூங்கியவனைச் சத்தமாக எழுப்பிவிட்டதற்காக.

புருஷனின் தங்கை சவேரியாள். அவளுக்குக் காரணமே வேண்டாம்.

செத்துப்போன ஒருவனையும் சேர்த்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் சாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அது கழுவிய பலகைபோல் இருந்தது.

“வேற யாராச்சும்?”

துபாசி நாகப்பட்டினத்துக்காரர். இரண்டாம் முறை கேட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் முடிந்துவிட்டார்கள். சண்டையே போடாத ஒருத்திதான் மிச்சம்.

ஒருமுறை பேரனுக்கு அம்மை கண்டிருந்தது. திருச்சபைக்கு ஆகாதென்பதால் கதவைச் சாத்திவிட்டு, மாரியம்மனுக்கு விளக்கேற்றி, வேப்பிலையால் பிள்ளையின் உடம்பை வருடிக்கொடுத்தாள். பிள்ளையை மடியில் வைத்திருந்தது மகள் கத்தரீனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு மகள் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், அழுத கண்ணோடு திரும்பினாள். ஊர்ச் சாமியார் மன்னிப்புத் தரவில்லையாம். சொல்லவேண்டிய இடத்தில் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாராம்.

எதை என்று தாய் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, மன்னிப்புக் கிடைத்து, மகள் நற்கருணை வாங்கினாள். அன்று அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துத் தாய்க்குத்தான் எவ்வளவு சந்தோஷம்.

பாவி மகளே. நரகத்துக்குப் பயந்துவிட்டாயே.

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

ஒரே ஒரு பெயர். சொன்னால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பகையில் பொய்ச்சாட்சி சொன்னவள் என்று கத்தரீனாளைக் கப்பலேற்றிக் கொண்டுவருவார்கள். பக்கத்துச் சிறையறையில் சாட்டையடி வாங்கிக் குப்புறக் கிடப்பவள் அப்படி வந்தவள்தான்.

எழுத்தர் இறகைக் கீழே வைக்கப் போனார்.

துபாசி அவசரமாக, யாரும் கேட்கச் சொல்லாத ஒன்றைக் கேட்டார்.

“உனக்கு மக இருக்காளாம்மா?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்தது யாரென்று அவருக்குத் தெரியும். நல்ல மனுஷன்.

“இருக்கா, ஐயா. கத்தரீனாள். எம்மேல உசிரா இருப்பா. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.”

துபாசி தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சின்ன வாக்கியங்களைப் போர்த்துகீசியத்தில் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

எழுத்தர் எழுதி, உரக்க வாசித்துக் காட்டினார். கீழே சிலுவைக்குறி போடச் சொன்னார்கள்.

வாசித்ததில் மகளின் பெயர் மட்டும் அவளுக்குப் புரிந்தது.

குறியைக் கோணாமல் போட்டாள்.