முதல் டோக்கன்

நாற்பத்தாறு வயதில் உளவியல் படிக்கக் கல்லூரியில் சேர்ந்த அம்மாவுக்கு, வீட்டில் யாரைப் பார்த்தாலும் நோயாளியாகத் தெரிந்தது. அப்பா செய்தித்தாளை விரித்தால் அது ‘தப்பித்தல்’. மகள் கதவைச் சாத்தினால் அது ‘எதிர்ப்பு’.

“அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்ன சொல்லப் போறேன்னு உன் மூஞ்சிலயே எழுதியிருக்கு. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். காதுகொடுத்துக் கேட்பது எப்படின்னு ஒரு கட்டுரை, நாளைக்குக் கொடுக்கணும். அப்புறம் பேசலாம்.”

மகள் உதட்டைச் சுழித்தாள். “சனிக்கிழமை உங்க காலேஜ்ல இலவசமா கவுன்சலிங் பண்றியாமே. உன்கிட்டயெல்லாம் யாரும்மா வருவாங்க?”

“வருவாங்க. ஒருத்தருக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க வாயே திறக்கக் கூடாது. திறந்தா மார்க் போயிடும்.”

“நீயா? வாயைத் திறக்காமலா?” மகள் சிரித்தாள். “இதைப் பார்க்கவே வரலாம்.”

“இந்தக் கிண்டலுக்கும் ஒரு பேர் இருக்கு” என்றாள் அம்மா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

சனிக்கிழமை பயிற்சி அறையில், பரிவான முகத்தை ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மதிப்பெண் போடும் பேராசிரியர் மூலையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். “முதல் டோக்கன் வரலாம்.”

கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள். பேராசிரியர் பேனாவை எடுத்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு மாசமா நான் காலேஜுக்கே போறதில்லை” என்றாள் மகள். “வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது. எங்கம்மா சைக்காலஜி படிக்கிறாங்க.”