பச்சைப் பொட்டு

கோட்டைச் சுவரோரம் படுத்திருந்த எல்லா நாய்களின் நெற்றியிலும் பச்சைப் பொட்டு இருந்தது.

நான் தவறாக எண்ணியிருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. கைபேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, தெருமுனைக்குத் திரும்பிப் போய் மறுபடியும் நடந்து வந்தேன்.

நாய்கள் குரைக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி, பொட்டு நன்றாகத் தெரியும்படி என்னைப் பார்த்தன.

பொட்டு இல்லாத நாய் ஒன்றுகூட இல்லை.

எங்களைச் சதுரங்கப்பட்டினத்துக்கு அனுப்பியவர் திருவேங்கடம் சார். திருப்போரூரில் மாலை வகுப்பு எடுக்கிறார். ஒரு நோய் எப்படிப் பரவும், எப்போது நிற்கும் என்று கணக்காக எழுதிப் பார்க்கும் வகுப்பு. போன மாதம் இந்த ஊர் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டதற்கு அடையாளம் நெற்றியில் பச்சைச் சாயம். நாங்கள் வாரம் ஒருமுறை தெருத்தெருவாக நடந்து, எதிர்ப்படும் நாய்களில் எத்தனைக்குப் பொட்டு இருக்கிறது என்று எண்ண வேண்டும். பத்தில் ஏழுக்கு இருந்தால் போதும், நோய் தாவ வழியில்லாமல் அணைந்துவிடும். அது சாரின் சமன்பாடு.

இன்று பத்துக்குப் பத்து.

“இன்னா ஃபர்சானா, பரீட்சைல கோட்டு அடிச்ச மாரி மூஞ்சிய வெச்சினு கீற? ஊரே பாஸு!” என்றான் ரஞ்சித்குமார்.

சிறுசேரியில் எனக்கு அடுத்த கட்டடத்தில் வேலை பார்க்கிறான். வகுப்பில் பக்கத்து நாற்காலி. நாய் எண்ணுவதற்கும் அவன்தான் துணை.

அவனுக்கு இது வெறும் வீட்டுப்பாடம் இல்லை. முதல் வாரம் இதே இடத்தில் ஒரு செவலை நாய் அவன் குதிகாலைக் கவ்வியது. ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் நாயின் நெற்றியைக் காட்டினான்.

“அதான் ஊசி போட்டுக்கிச்சே. நான் வேற எதுக்கு? ஒரு கடிக்கு ரெண்டு ஊசியா?”

பச்சைப் பொட்டை நானும் பார்த்தேன். குழாயடியில் காலைக் கழுவிவிட்டு வந்தான். மீதித் தெருக்களை எண்ணி முடித்தோம்.

சாயம் ஒரு மாதத்தில் மங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன். வாரம் போகப் போகப் பொட்டுகள் குறைய வேண்டும். வரைபடத்தில் நான் வரைந்த கோடு அப்படித்தான் கீழே இறங்கியது. ஊரில் எண்ணியது மட்டும் ஏறிக்கொண்டே போனது.

தப்பு என் கோட்டில்தான் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அதை அழித்து, எண்ணிக்கைக்குப் பொருந்தும்படி கொஞ்சம் மேலே தூக்கி வரைந்தேன்.

சுவரின் இடிந்த மூலையில் ஒரு குட்டி கிடந்தது. கண் இப்போதுதான் திறந்திருந்தது. போன மாதம் அது பிறந்தே இருக்காது.

அதன் நெற்றியிலும் பொட்டு.

தூக்கினேன். என் கட்டைவிரல் பச்சையானது. மோந்து பார்த்தேன். மருந்து வாசனை இல்லை.

“கீழ வுடும்மா, பெயிண்ட்டு இன்னும் காயல,” என்று குரல் வந்தது. எதிரே மீன் வறுக்கும் ரோகிணி அக்கா.

“நீங்களாக்கா வெச்சீங்க?”

“நான் ஒருத்தியா? பொட்டு இல்லாத நாய வண்டில ஏத்தினு பூடுவாங்கன்னு ஒரே பேச்சு. படகுக்கு அடிச்ச பெயிண்ட்டு வூட்டுக்கு வூடு மீந்து கீது. ஆளுக்கு ஒரு சொட்டு வெச்சோம். ஊசிக்காரங்க போன அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.”

அன்றைக்கே. அப்படியென்றால் நாங்கள் முதல் வாரம் வருவதற்கு முன்பே.

ரஞ்சித்குமார் சிரிக்கவில்லை. “யக்கா, இங்கயே ஒரு செவல சுத்தினு இருக்குமே...”

“அதுவா? ஊசிக்காரங்கள பார்த்ததும் கோட்டைக்குள்ள ஓடிப் பூட்ச்சு, கையில மாட்டவே இல்ல. அப்புறம் நான்தான் பொட்டு வெச்சேன். எங்க, ரெண்டு வாரம்கூட தாங்கல. செத்துப் பூட்ச்சு, பாவம்.”

குட்டியைக் கீழே வைத்தேன். கையை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை.

“கெளம்பு ரஞ்சித். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. இப்பவே.”

“போலாம், போலாம். இன்னா பேஜாரு பண்ற? உன் கோட்டுல நான் உயிரோட தான கீறேன்?” என்றான். குரல் கரகரத்தது. குதிகாலைச் செருப்பின் விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. அடுப்பு மந்தமாக எரிந்தது. ரோகிணி அக்கா ஓர் அட்டையை எடுத்து மெதுவாக விசிறினார்.

ரஞ்சித்குமார் அறை வாங்கியவன்போல் பின்னால் நகர்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டான். தொண்டை ஒருமுறை இழுத்து நின்றது.

“யக்கா, விசிறாத. இன்னா காத்து இது, மூஞ்சிலயே அடிக்குது.”

அவன் நின்ற இடம் அடுப்பிலிருந்து நல்ல தூரம். பக்கத்தில் நின்ற எனக்குத் துப்பட்டாகூட அசையவில்லை.

வெறிநோய் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் பயப்படுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். காற்று பட்டாலும் அப்படித்தான் என்று சார் ஒருநாள் சொன்னார்.

அன்றைக்கு அவன் வகுப்புக்கு வரவில்லை.