கார்ப்பரலின் இஸ்திரிப் பெட்டி

காஜா பெராங் தெரு டோபிக் கடைக்குள் போலீஸ் கார்ப்பரல் தேவதாஸ் யாரோ ஒருவருடைய வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் காக்கி அரைக்கால் சட்டை, மேலே வெறும் பனியன். காலை ஆறரை மணி.

வாசலில் சைக்கிளை நிறுத்திய மாணிக்கவாசகத்துக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு.

சுதந்திரம் வந்த கையோடு அவருடைய கம்பெனி போலீஸ்காரர்களுக்கென்றே ஒரு பாலிசி கொண்டுவந்திருந்தது. கடமையில் கை தவறி யாரையாவது அடித்துவிட்டு வழக்கு வந்தால், நஷ்ட ஈட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தேவதாஸ் மூன்று முறை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர்.

இன்றைக்கு அனுப்ப முடியாது. போலீஸ்காரன் வெளியே வேலை பார்ப்பது தெரிந்தால் சட்டைக் கையிலிருக்கும் கார்ப்பரல் பட்டை போகும். உத்தியோகமே போனாலும் போகும்.

"என்ன கார்ப்பரல், இன்ஸ்பெக்டர் சட்டையும் இங்கதான் வெளுக்குதா?"

தேவதாஸ் நிமிரவில்லை. "உக்காருங்க சார். பெட்டியைக் கீழ வச்சா சூடு ஆறிடும்."

மாணிக்கவாசகம் உட்கார்ந்து பாலிசி விண்ணப்பப் பாரத்தை விரித்தார். வேறு யார் கண்ணிலாவது பட்டிருந்தால் இந்நேரம் ஸ்டேஷனுக்குச் சேதி போயிருக்கும், தான் அப்படிப்பட்ட ஆளில்லை, ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருந்தால் போதும் என்றார். சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் கூசியது. ஆனாலும் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

கடைக்காரர் பொன்னுதுரை உள்ளேயிருந்து காப்பியோடு வந்தார். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு.

"இடது கையால கொடுக்கறேன், தப்பா நினைக்காதீங்க ஐயா."

மாணிக்கவாசகம் விசாரித்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் படக்கொட்டகை வாசலில் டிக்கெட் கூட்டம் கலவரமாகி, போலீஸ் தடியோடு இறங்கியதாம். துணிமூட்டையோடு அந்தப் பக்கம் போன பொன்னுதுரைக்கு மணிக்கட்டில் அடி விழுந்து, எலும்பு முறிந்துவிட்டது. மறுவாரமே தேவதாஸ் கடைக்கு வந்து நின்றாராம். அன்றிலிருந்து தினமும் டியூட்டிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் தேய்க்கிறார். ஒரு காசு தொட்டதில்லை. இன்ஸ்பெக்டரிடமும் அவரே சொல்லிவிட்டாராம்.

மாணிக்கவாசகம் பேனாவை மூடினார். ஆனால் தொழில் புத்தி விடவில்லை.

"இதுக்குத்தானே சார் பாலிசி. அது மட்டும் இருந்திருந்தா கம்பெனி கொடுத்திருக்கும். நீங்க இப்படி அனல்ல நின்னு வேக வேண்டியதில்ல."

"கம்பெனி என்ன கேக்கும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. அடிச்சது நீங்கதான்னு ஒரு சாட்சி."

தேவதாஸ் பொன்னுதுரையைப் பார்த்தார். பொன்னுதுரை சிரித்துவிட்டார்.

"என்னைப் பார்த்தா? நான் மண்ணுல குப்புறக் கெடந்தேன். யார் மூஞ்சியக் கண்டேன்?"

"அப்போ வேற யார் பார்த்தது?" என்றார் மாணிக்கவாசகம்.

"யாரும் பார்க்கல." தேவதாஸ் வேட்டியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த துணியை விரித்தார். "அன்னிக்கு ஆறு பேர் தடிய வீசிக்கிட்டு ஓடினோம் சார். இவர் கையில பட்டது யாரோடதுன்னு எனக்கே தெரியாது. என்னோடதா இருக்கலாம், இல்லையா?"