சோபா, திரைச்சீலை, மெத்தை

தீப்பிடிக்காமலிருக்க வீட்டுப் பொருள்களில் பூசும் ரசாயனம் கழிவுநீரில் துளி கலந்தாலும், அது போய்ச் சேரும் ஏரிக்குத் தெரிந்துவிடும். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டு வடிகால் தானாக மூடிக்கொள்ளும். ரெஜினா வீட்டில் ஒரு வாரமாகவே குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் குடம் குடமாக நாறிக்கொண்டிருந்தன. சோபாவைத் தூக்கிப் போட்டாயிற்று, திரைச்சீலையையும் கழற்றியாயிற்று. காலையில் மெத்தையும் போன பிறகுதான் ஏரி அதிகாரி வந்து வடிகாலைத் திறந்துவிட்டார்.

“அப்பாடா! எல்லாம் அந்தப் பாழாப்போன மெத்தையாலதான்டி,” என்றான் அவள் கணவன் சூசை.

கைக்குழந்தை அயர்ந்து தூங்கியது. பால் கட்டிக்கொண்டு மார்பு தெறித்ததால், ரெஜினா கொஞ்சம் பாலை சிங்க்கில் பீய்ச்சிவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள்.

வடிகால் மூடிக்கொண்டது.

கல்யாணம் ஆகும்வரை பழைய டிவி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். அந்த டிவிப் பெட்டிகளிலும் இதே ரசாயனம்தான்; அதன் தூசியைத் தினமும் விழுங்கியிருந்தாள். சிங்க்கில் தண்ணீர் வெள்ளையாகத் தேங்கி நின்றது.

உள்ளே குழந்தை வீறிட்டது.

“அங்க என்னடி பண்றே? புள்ள பசியில கத்துது, வந்து பால் குடு!”