ரப்பர் பட்டை

மாலை வெயில் சன்னல் கம்பிகளுக்கு இடையே புகுந்து மேசைமேல் வரிவரியாக விழுகிறது. கட்டைவிரல் நீளப் பொம்மை டாங்கி ஒன்று, சங்கிலிப் பட்டை இல்லாமல் வெறும் சக்கரங்களோடு அந்த வெயிலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர் நடுவிலுள்ள மணிக்கூண்டு கிளப்பில் நடக்கப்போகும் பாலைவனப் போர் பொம்மை ஆட்டத்துக்காக அதைத் தயார் செய்கிற தங்கை, மூன்று பட்டைகளைப் பரப்பிவைத்து மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறாள். அகலமானது மணலுக்கு, பல் வைத்தது சேற்றுக்கு. மூன்றாவதில் இரும்புக்கு மேல் ரப்பர் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன.

"ஒரு டாங்கிக்குச் செருப்பு வாங்க இவ்ளோ யோசனையா?" என்கிறான் அண்ணன். நிஜ டாங்கியை ஓட்டுகிறவன். இரண்டு நாள் விடுப்பு முடிந்து இன்றே படைக்குத் திரும்புகிறான். அவன் விரல்கள் தாமாகவே ரப்பர் பட்டையை எடுக்கின்றன.

"மணல்ல ரப்பர் எதுக்குண்ணா?" அவள் சிரிக்கிறாள். "அது ஊருக்குள்ள ஓட்டுறதுக்கு. தார் ரோடு பேந்துடக் கூடாதுன்னு மாட்டுறது."

"எங்க வண்டி எல்லாத்துக்கும் போன வாரம் இதைத்தான் மாட்டினோம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்கிறது. அவள் கையிலுள்ள பசைக்குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, விழாமல் தொங்குகிறது. கீழே தார்ச்சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அண்ணன் பட்டையை மாட்டி, பொம்மையை மேசைமேல் மெல்ல உருட்டிப் பார்க்கிறான். சத்தமே வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை வீட்டுலயே வெச்சுக்கோம்மா," என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். "மணிக்கூண்டுப் பக்கம் போகாதே."